புகாரியும் வளைஞ்ச சிம்னியும்

நம்ம ஊர்ல புகாரின்னா பிரியாணி ஞாபகம் வரும். சிம்லாவுல புகாரின்னா விறகு போட்டுக் குளிர் காயற இரும்பு அடுப்பு. 2022-ல மாற்றலாகி வந்தப்போ நான் கத்துக்கிட்ட முதல் பாடம் இதுதான்.

வாடகைக்குக் கிடைச்சது வெள்ளைக்காரன் காலத்து வீடு. மரச்சட்டம் கட்டி, நடுவுல கல்லும் மண்ணும் அடைச்ச சுவர். கூடத்துல பெரிய கணப்பு, அதுக்கு மேல சிம்னி. புகாரியோட குழாயை அந்த சிம்னிக்குள்ள ரெண்டடி நுழைச்சுட்டு, வேலை முடிஞ்சதுன்னு கையைத் தட்டிக்கிட்டேன். பி.காம் படிச்சவனுக்கு அதுக்கு மேல என்ன தெரியும்?

ஜனவரியில ஒரு ராத்திரி, வெளியே பனி கொட்டுது. கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கச் சாத்தியாச்சு. எனக்கும் தங்கமணிக்கும் ஒரே தலைவலி. பொண்ணு வாந்தி எடுத்தா. வீட்டுல புகையே இல்லை, அதனால ராஜ்மா மேல பழியைப் போட்டோம். என்ன தோணுச்சோ, தங்கமணி எழுந்து ஜன்னலைத் திறந்தா. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் தலை தெளிய ஆரம்பிச்சது. எனக்கு அப்பதான் வயித்தைக் கலக்குச்சு.

டாக்டர் கேட்டதுமே சொல்லிட்டார், கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும்.

அம்மா போன்ல நம்பவே இல்லை. "விறகடுப்புலதானேடா உங்களை வளர்த்தேன். புகைஞ்சா கண்ணு எரியுமே, தெரியாம போயிடுமா?" நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். எங்க சமையல்கட்டுல ஓட்டு இடுக்குதான் சிம்னி. அழ வச்சுட்டுப் புகை வெளியே போயிடும். இங்கே குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் நானே அடைச்சு வச்சிருந்தேன்.

மிஸ்திரி விளக்கு விட்டுப் பார்த்தார். சிம்னி ஏழடி நேரா போய், கூரை முகட்டைத் தேடி ஒரு பக்கமா சாய்ஞ்சு, மறுபடி நேரா ஏறுது. உள்ளே ஒரு ஆளே நுழையலாம், அவ்வளவு அகலம். அந்த ஜில்லுன்னு இருக்கற பொந்துல புகை சூடு ஆறி, மேலே ஏற முடியாம திரும்புது. வளைவு பூரா தார் மாதிரி கறுப்பு. காரை உதிர்ந்த இடத்துக்குப் பின்னாடி மரச்சட்டம். "சாப், என்னிக்காவது தீப்பிடிக்கும்"னார்.

முதல்ல தகரக் குழாய் இறக்கினோம். வளைவுல முட்டி நின்னுடுச்சு. அப்புறம் சண்டிகர்லேர்ந்து வளையற ஸ்டீல் குழாய் வந்தது. 24 அடி நீளம், அடுப்பு வாய்க்குச் சமமா 6 அங்குல அகலம். மேலேர்ந்து கல்லைக் கட்டிக் கயிறு விட்டோம். குழாய் நுனியில மரக்கூம்பு ஒண்ணை மாட்டி, அதுல கயிறைக் கட்டினோம். மிஸ்திரி கூரையில நின்னு தள்ள, நான் கீழேர்ந்து இழுக்க, அதே வளைவுல மறுபடி மாட்டிக்கிச்சு! பலமா இழுத்தேன். "இழுக்காதீங்க, கிழிஞ்சுடும்"னு மேலேர்ந்து சத்தம். ஒரு அடி மேலே தூக்கி, லேசா திருப்பித் திருப்பி இறக்கினார். செங்கல் விளிம்பைத் தாண்டி வழுக்கி வந்தது. ஒரு மணி நேரம் ஆச்சு.

குழாயைச் சுத்தி ராக்வுல் அடைச்சோம், சூடு ஆறக்கூடாதே. கணப்பு வாயை இரும்புத் தகடால மூடியாச்சு. உச்சியில மழை இறங்காம ஒரு தொப்பி. படுக்கறை சுவர்ல கார்பன் மோனாக்சைடு அலாரம். மலைப்பக்கம் மாற்றலாகிப் போறவங்க, புகாரி வாங்கறதுக்கு முன்னாடி இந்த அலாரத்தை வாங்குங்க. ஜன்னல்லயும் கொஞ்சம் இடுக்கு விடுங்க.

போன நவம்பர்ல அம்மா வந்திருந்தாங்க. புகாரி பக்கத்துல கையை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு, "இதென்னடா அடுப்பு, புகையே இல்லை?"ன்னாங்க.

நான் ஒண்ணும் சொல்லலை. படுக்கறைக்குப் போய் அந்த அலாரத்தோட பச்சை விளக்கு எரியுதான்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்தேன்.