அப்பாவின் செங்கால் கட்டை

கித்தாருக்குப் புதுக் கழுத்து செய்யப் போகிறேன், மரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை. அப்பா குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கு சுற்றிய கட்டை ஒன்றை இடது கையால் இழுத்தார். "செங்கால். தாத்தா கட்டின வீட்டு நிலை. ஐம்பது வருஷம் கரையான் தொட்டதில்ல. இதுல செய் பாப்பா."

அப்பா தைப்பிங்கில் முப்பது ஆண்டு தச்சு வேலை பார்த்தவர். போன வருடம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை சரியாகப் பிடிப்பதில்லை. அவர் ஒன்றை இப்படி ஆசையாக எடுத்துக் கொடுத்து வெகு நாளாகிவிட்டது. அந்தக் கட்டையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

என் பழைய கித்தாரின் கழுத்து வளைந்ததற்கு எங்கள் ஊர் மழையும் ஒரு காரணம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையோடு இரவும் பகலும் இழுக்கின்றன. உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி எதிர்த்துப் பிடித்தாலும், ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் மரம் ஒரு நிலையில் நிற்காது.

ஃபெண்டர் நிறுவனம் 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கித்தாரின் கழுத்துக்கு மேப்பிளை எடுத்து, நான்கு திருகாணி போட்டு முடுக்கியது. கிப்சன் 1952இல் கொண்டுவந்த லெஸ் பாலில் மஹோகனிக் கழுத்தை ஒட்டியது. எது நல்ல நாதம் தரும் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. நாதத்துக்கு முன்னால் கழுத்து நேராக நிற்க வேண்டுமே!

செங்காலுக்கு என்ன குறை? எடைதான். ஒரு கன மீட்டர் செங்கால் 900 கிலோவைத் தாண்டும்; ஹார்ட் மேப்பிள் 700 கிலோ அளவில் நிற்கும். கழுத்து கனத்தால், தோளில் மாட்டியதும் கித்தாரின் தலை தரையைப் பார்க்கும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டு அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீணைக்குக்கூடப் பலாதான் எடுப்பாங்க. செங்கால்ல பண்ணா யாரு தூக்குறது?" என்றார். "மரம் வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ."

கடையில் நான் அழகான வரி ஓடிய பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு பலகையின் நுனி வெட்டை மட்டும் பார்த்தார். குளிர் நாட்டு மரம். வருட வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. நம் காட்டு மரங்களில் இப்படித் தெரியாது. அந்தக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒன்றைத் தேடி எடுத்தார். வளையத்தின் போக்கில் மரம் ஊதுவது, வளையங்களுக்குக் குறுக்கே ஊதுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கோடுகள் படுத்த பலகை கிண்ணம்போல் குழிந்துவிடும். பிறகு பக்கவாட்டில் விரலை ஓட்டி, இழை விளிம்பை விட்டு வெளியே ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். நான் பார்த்து வைத்திருந்த பலகையை அவர் தொடக்கூட இல்லை.

உடனே அறுக்கவும் விடவில்லை. மூன்று மாதம் அலமாரி மேல், அடியில் சிறு சட்டங்கள் கொடுத்து, நம் காற்றுக்குப் பழகட்டும் என்று வைத்தார். அந்த நாள்களில் ஒருமுறை கேட்டார்: "கழுத்துக்கு மேல ஒட்டுற பலகை எவ்வளவு தடிமன்?"

"ஆறு மில்லிமீட்டர்ப்பா. ரோஸ்வுட் வாங்கலாம்னு..."

நான் முடிப்பதற்குள் சாக்கை அவிழ்த்துவிட்டார்.

செங்காலின் இழை பின்னிக் கிடப்பது. அப்பா இழைப்புளியை இரண்டு தரம் தள்ளினார். கை நடுங்கியது. மூன்றாவது தரம் இழை பிய்ந்துகொண்டு வந்தது. அண்ணனுக்குத் தச்சு வேலை பழக்கியவர், என்னை உளியைத் தொட விட்டதில்லை. இப்போது இழைப்புளியை என் பக்கம் நகர்த்தினார்.

"அலகை இன்னும் கொஞ்சம் உள்ள இழு. சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளு பாப்பா."

மிச்சக் கட்டை மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கம்பி கட்டி ஆறு வாரமாகிறது. தினமும் காலையில் அப்பா ஓர் இரும்பு அடிக்கோலைக் கொண்டுவந்து கழுத்தின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்.