பாதுகாவலரின் பென்சில் கோடுகள்

பிறைத் தொழிற்பேட்டையில் உள்ள அந்த மின்னியல் தொழிற்சாலையில் மாலை ஏழு மணிக்கு வேலை நேரம் மாறும். பகலெல்லாம் உழைத்தவர்கள் களைப்போடு வெளியே வருவார்கள். இரவு வேலைக்காரர்கள் அவசரமாக உள்ளே நுழைவார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கார்கள், அவற்றைவிட அதிகமான மோட்டார் சைக்கிள்கள், நான்கு தொழிற்சாலைப் பேருந்துகள், நடுவே சரக்கு ஏற்ற வந்த ஒரு லாரி என அத்தனையும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்து போக வேண்டும். அந்த இருபது நிமிடங்களில் தேநீரை வாயருகே கொண்டுபோகவும் நேரம் இருக்காது என்பது வாசலில் நிற்கும் பாதுகாவலருக்குத் தெரியும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மலாய்ப் பெண்கள் அவரைப் ‘பாக் சிக்’ என்பார்கள். தமிழ்ப் பெண்களுக்கு அவர் ‘அண்ணே’. யார் எந்தப் பேருந்தில் வருகிறார், யாருடைய மோட்டார் சைக்கிளில் பின்விளக்கு எரிவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பாதுகாவலர் வேலைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் லாரி ஓட்டியவர். அந்த வேலையை ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அக்டோபர் மாத மாலை ஒன்றில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய பெண்மணி ஒருவர், கையில் நாசி லெமாக் பொட்டலத்துடன், சாய்ந்து அடித்த மழைக்கு எதிராகக் குடையை முகத்துக்கு நேரே பிடித்தபடி கார்களுக்கு இடையே வேகமாக நடந்தார். அதே நேரத்தில் ஓர் இளம் பொறியாளர் தம் காரைப் பின்னோக்கி எடுத்தார். பாதுகாவலர் விசிலை ஊதினார். கார் நின்றது. ஆனால், அதற்குள் அதன் பின்பகுதி குடையை நசுக்கிவிட்டிருந்தது. பெண்மணி தடுமாறி விழுந்து உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

“ஒன்றும் ஆகவில்லை அண்ணே, குடைதான் போய்விட்டது,” என்று அவர் சிரித்தார். பொறியாளர் நனைந்துகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டார். இருவரும் போய்விட்டார்கள். பாதுகாவலரின் கைகள் மட்டும் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பொறியாளர் கவனமில்லாதவர் அல்லர். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தார். பின்கண்ணாடி மழையில் மங்கியிருந்தது; பக்கத்தில் நின்ற வேன் பாதி வழியை மறைத்தது; மேலே இருந்த விளக்கு எரிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. பெண்மணியும் வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கவில்லை. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் யாரையாவது ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். விளக்கு எரியாமலேயே இருக்கும்.

பாதுகாவலர் மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் சென்று நடந்ததைக் கூறினார். “பத்து ஆண்டுகளாக இப்படித்தானே இருக்கிறது அண்ணே? நடைபாதை போட்டுத்தானே வைத்திருக்கிறோம்,” என்றார் அதிகாரி. அது பொய்யில்லை. நடைபாதை இருந்தது. வேலியை ஒட்டி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அது போனது. அதில் நடப்பவர்தாம் இல்லை.

அதிகாரியிடம் அவர் வாதாடவில்லை. தீயணைப்புப் பயிற்சிக்காக அச்சிட்டிருந்த தொழிற்சாலை வரைபடத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த மூன்று மாலைகளிலும், வேலை நேரம் மாறும்போது யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று அதில் பென்சிலால் கோடு போட்டார். மூன்றாம் நாள் முடிவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பின்வாசல் வரை தடித்த கறுப்புப் பட்டை ஒன்று உருவாகியிருந்தது. அது நிர்வாகிகளுக்காக ஒதுக்கப்பட்ட இடங்களின் குறுக்கேயும், லாரிகள் பின்னோக்கி வந்து சரக்கு ஏற்றும் மேடையின் முன்பாகவும் சென்றது.

அந்தப் பின்வாசலுக்கு மட்டும் ஏன் எல்லாரும் ஓட வேண்டும்? வருகையைப் பதிவு செய்யும் பொறி அங்கேதான் இருந்தது. ஒரு நிமிடம் தாமதமானாலும் அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகையில் பிடித்தம் விழும். குறைந்த சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம். மழையில் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓடியதற்குக் காரணம் இதுதான்.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை செய்வோரின் பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. அந்தத் தொழிற்சாலையிலும் குழு இருந்தது. பாதுகாவலரோ வேறொரு நிறுவனத்தின் ஆள்; குழுவில் அவருக்கு இடமில்லை. ஆனாலும், வரைபடத்தைப் பார்த்த அதிகாரி அவரைக் கூட்டத்துக்கு அழைத்தார். அந்த அதிகாரியைப் பாராட்டத்தான் வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர், “வேக அளவுப் பலகை ஒன்று வைத்தால் போதாதா?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர் அந்த இளம் பொறியாளர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 8 மீட்டருக்கும் சற்று அதிகமாகக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் வண்டி, வரிசையாக நிற்கும் மூன்று கார்களைத் தாண்டியிருக்கும். வேகத்தை 15-ஆகக் குறைத்தால் அந்தத் தூரம் பாதியாகும். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரமோ நான்கில் ஒரு பங்காகிவிடும். இவற்றைப் பலகையில் எழுதிக் காட்டிய அவர், “பலகையைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைக்கப் போவதில்லை. வேகத்தடை இருந்தால் குறைத்தே ஆகவேண்டும்,” என்றார்.

பிறகு பாதுகாவலரைப் பேசச் சொன்னார்கள். அவர் வரைபடத்தைக் காட்டவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிடங்கின் முற்றத்தில் தாம் லாரியைப் பின்னோக்கி எடுத்ததைச் சொன்னார். கெலிண்டான் வேலை பார்த்த பையன் பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தான். ஒரு கணம் அவன் கண்ணாடியில் தெரியவில்லை. விலகிவிட்டான் என்று அவர் நினைத்தார். பையனுக்கு அப்போது வயது பத்தொன்பது. உயிர் பிழைத்தான், வலது கால் பிழைக்கவில்லை. “கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றால் வண்டியை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அதன்பின் நடந்தவை ஒரே நாளில் நடந்துவிடவில்லை. விளக்குகளை மாற்றுவது எளிதாக இருந்தது. இரண்டு வேகத்தடைகளும் வந்தன. மூலையில் ஒரு குவி ஆடி பொருத்தினார்கள். அதில் பரந்த இடம் தெரியும். ஆனால், வரும் வண்டி சிறியதாகத் தெரிவதால் தொலைவில் இருப்பதுபோல ஏமாற்றும். இதைப் புதிதாக வருபவர்களிடம் பாதுகாவலரே சொல்லிவைத்தார். காரை நிறுத்தும்போதே பின்னோக்கி நிறுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. வரும்போது பின்னால் இருப்பது காலி இடம். போகும்போதோ ஆட்கள் நடமாடும் வழி. முன்னோக்கி வெளியேறும் ஓட்டுநருக்கு அந்த வழி கண்ணெதிரே தெரியும். தொடக்கத்தில் பலர் முணுமுணுத்தார்கள். காரை மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டி நிறுத்தியவர்களைப் பார்த்துப் பேருந்தில் இருந்தவர்கள் சிரித்ததும் உண்டு.

நடைபாதைதான் பெரும்பாடாக இருந்தது. பழைய பாதைக்கே புதிய மஞ்சள் சாயம் பூசினார்கள். சாயம் பளபளத்தது, மக்கள் பழையபடி குறுக்கே நடந்தார்கள். மனிதன் குறுகிய வழியைத்தான் தேடுவான். அவனைச் சுற்றிப் போகச் சொல்வதைவிட அவன் போகும் வழியைப் பாதுகாப்பானதாக மாற்றுவது மேல். பென்சில் பட்டை இருந்த இடத்திலேயே பாதை போடுவதென்று இறுதியில் முடிவானது. அதற்கு நிர்வாகிகளின் ஆறு இடங்களை எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேடையின் முன்னே பாதையைக் கடக்கும் லாரிகளுக்கு, ஏழு மணிக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் தடை விதித்தார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது செலவில்லாத ஒன்று. வருகைப் பதிவுப் பொறியைப் பின்வாசலிலிருந்து கழற்றிப் பாதுகாவலர் குடிலுக்குப் பக்கத்தில், பேருந்து நிற்கும் இடத்திலேயே மாட்டினார்கள். இறங்கியவுடன் விரலை வைத்துவிட்டால் அதன்பிறகு ஓட வேண்டிய தேவையில்லை. முன்பு ஓடியவர்கள் இப்போது பேசிக்கொண்டே நடந்தார்கள். ‘பேச்சுச் சத்தம் அதிகமாகிவிட்டது’ என்பதுதான் பாதுகாவலருக்கு இருந்த ஒரே குறை.

மறு ஆண்டு மழைக்காலத்தில் அந்தப் பெண்மணி புதுக் குடையோடு வந்தார். மஞ்சள் கோட்டுக்குள் நடந்துகொண்டே, “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். பொறியாளரின் கார் முன்விளக்கோடு நின்று, அவர் கடந்து போகும்வரை காத்திருந்தது. பாதுகாவலர் கையசைத்துக் காரை விட்டார். பிறகு நிமிர்ந்து மூலையில் இருந்த குவி ஆடியைப் பார்த்தார். பக்கத்து அங்சானா மரத்தின் கிளை ஒன்று வளர்ந்து ஆடியின் பாதியை மறைத்திருந்தது. மழை விட்டதும் ஏணி கேட்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.