வீட்டுக்குள் ஒரு வரிசை

வரிசை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரவர்க்கு 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிடும். வல்வெட்டித்துறைக் கரையிலே படகுகள் மண்ணெண்ணெயின்றி மணலில் கிடந்தன. வெறுங் கலன்களை ஏந்திக்கொண்டு மீனவர்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றனர். அந்நாட்களில் ஒரு மாலைப்பொழுது, மின்வெட்டின் இருளில், என் மாணவன் ஒருவன் வந்து, "சேர், நானும் ஒரு வரிசை செய்யவேணும். ஆனா காசில்லை" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய இறுதியாண்டு வேலை இது. எங்கள் அயலிலுள்ள சனசமூக நிலையம் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரும், ஊரிலுள்ள சிலரும் அதற்குப் பணம் உதவுவர். பணம் வந்ததும் கணக்கிற் பதிந்து, கொடுத்தவரின் தொலைபேசிக்குப் பற்றுச்சீட்டை அனுப்பும் செயலி ஒன்றை அவன் எழுத முற்பட்டான். நன்கொடைகள் ஒரே நேரத்தில் குவிந்தால் ஒன்றும் தவறக்கூடாது. ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் எழுதி வரிசையிலே போட்டுவிட வேண்டும். பணியாளாக ஓடும் செயலி ஒவ்வொன்றாய் எடுத்து வேலையை முடிக்கும்.

இத்தகைய வரிசையை வாடகைக்குத் தருவோர் இருக்கின்றனர். அமேசன் நிறுவனத்தின் எஸ்.கியூ.எஸ். என்னும் சேவை 2006ஆம் ஆண்டு முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ளது. மாதம் பத்து இலட்சம் கோரிக்கைகள் வரை அதற்குக் கட்டணமில்லை. ஆனால், "ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்பதும் ஒரு கோரிக்கையே, இல்லை என்ற விடைக்கும் கணக்கு உண்டு. நொடிக்குப் பத்துத் தடவை கேட்கும் செயலி ஒரே நாளில் 8,64,000 தடவை கேட்டுவிடும். பழகும் மாணவன் ஒரு வரியைப் பிழையாக எழுதினால் இரண்டாம் நாளே இலவசம் தீர்ந்துபோம். கணக்குத் திறப்பதற்கோ கடனட்டை போன்ற வங்கி அட்டை ஒன்று வேண்டும். 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டிய காலம் அது. எந்தத் தகப்பன் துணிந்து கடனட்டையைக் கொடுப்பான்?

இதற்கு வழி இருந்தது. போலந்து நாட்டுச் சொஃப்ட்வேர்மில் நிறுவனத்தார் எலாஸ்டிக் எம்.கியூ. என்றொரு செயலியை ஆக்கி இலவசமாக வழங்கியிருக்கின்றனர். அது நம் மடிக்கணினியிலேயே இருந்துகொண்டு, அமேசனின் வரிசை எம்மொழியிற் பேசுமோ அம்மொழியிலேயே மறுமொழி சொல்லும். நாம் எழுதும் செயலியில் மாற்ற வேண்டியது முகவரி ஒன்றைத்தான். கடல் கடந்த முகவரியை எடுத்துவிட்டு 127.0.0.1 என்றும், வாயில் எண் 9324 என்றும் எழுதிவிட்டால் போதும். 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே சுட்டும் முகவரி. இரகசியச் சாவி கேட்குமிடத்தில் வாயில் வந்ததை எழுதலாம். காவலாளி பொம்மைக் காவலாளிதானே!

மாணவன் அன்றிரவே தொடங்கினான். இணையம் வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை. ஒரு சங்கடம் மாத்திரம் உண்டு. இந்த வீட்டு வரிசை, வேறு ஏற்பாடு செய்யாவிடின், துண்டுகளை நினைவகத்திலேயே வைத்திருக்கும். மின்வெட்டு நீண்டு மடிக்கணினி அணைந்தால் வரிசை முழுவதும் மறைந்துவிடும். உண்மையான வரிசையோ, நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நான்கு நாட்கள் துண்டைப் பாதுகாக்கும். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது அவன் எத்தனை வரிசைகளை இழந்தானோ, நானறியேன்.

அடுத்த ஆண்டு, அயலார் ஒருவரின் கடனட்டையைக் கெஞ்சிப் பெற்று, உண்மை வரிசைக்கு மாறினான். நான்தான் சோதித்துப் பார்த்து, "எல்லாம் சரி தம்பி" என்று அனுமதி கொடுத்தவன். மூன்றாம் நாள் ஒரு ஆச்சி என் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, நான் ஒருக்காத்தான் குடுத்தனான். ரெண்டு சீட்டு வந்திருக்கு. பலகையிலை பத்தாயிரமெண்டு எழுதியிருக்கினம். நான் குடுத்தது ஐயாயிரம். ஊர் என்னைப் பொய்க்காரியெண்டெல்லோ சொல்லும்?"

எனக்கு முகம் எரிந்தது. அன்றிரவு இருவரும் குந்தியிருந்து காரணத்தைத் தேடினோம். வரிசையிலிருந்து ஒரு பணியாள் துண்டை எடுத்தால் அது அழிவதில்லை. 30 நொடிகள் மற்றவர் கண்ணுக்கு மறைந்திருக்கும். அதற்குள் வேலையை முடித்து, "அழித்துவிடு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எடுத்தவன் இறந்துவிட்டான் என்று கருதி, வரிசை அத்துண்டை அடுத்தவனுக்கு நீட்டும். நல்ல ஏற்பாடுதான். வீட்டு வரிசையிலும் இதே விதி, இதே 30 நொடி. ஆனால் வீட்டிலே நாங்கள் உண்மையான குறுஞ்செய்தி அனுப்பவில்லை. அனுப்பியதாகப் பாவனை செய்தோம். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. வெளியிலோ அன்று குறுஞ்செய்தி போய்ச்சேர 40 நொடிகள் சென்றன. இரண்டாம் பணியாள் அதே துண்டை எடுத்து, ஆச்சியின் ஐயாயிரத்தை மறுபடியும் பதிந்துவிட்டான்.

தைப்பொங்கலுக்கு முன் எங்கள் பிள்ளைகள் பட்டத்தை ஒழுங்கையிலே ஏற்றிப் பார்ப்பதுண்டு. அங்கே நேராக நின்ற பட்டம் கடற்கரைக் காற்றில் குத்துக்கரணம் போடும். ஒழுங்கையைக் குறைசொல்லி என்ன பயன்? காற்றையும் சேர்த்துப் பாவனை செய்யாதது எங்கள் பிழை.

மாணவன் மீண்டும் வீட்டு வரிசைக்குத் திரும்பினான். பொய்க் குறுஞ்செய்தியை வேண்டுமென்றே 40 நொடி தூங்கவைத்தான். ஒரு நிமிடத்துக்குள் அதே பிழை கண்முன்னே தோன்றியது! பிறகு மறைந்திருக்கும் நேரத்தை மூன்று நிமிடமாக்கினான். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு நன்கொடைக்கும் ஓர் எண் இட்டு, அவ்வெண் கணக்கில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி பதியாதபடி செய்தான். உண்மை வரிசையும் அருமையாக ஒரு துண்டை இருமுறை தரக்கூடும் என்று அதை நடத்துவோரே எழுதிவைத்திருக்கின்றனர். ஆகவே மூன்று நிமிடம் மாத்திரம் போதாது.

மறுநாள் இருவரும் ஆச்சி வீட்டுக்குப் போனோம். பலகையில் ஐயாயிரம் என்று திருத்தியாயிற்று என்றோம். அவர் தேநீர் தந்துவிட்டு, தொலைபேசியை நீட்டினார்.

"அப்ப இதிலை எந்தச் சீட்டை அழிக்கிறது, தம்பி?"

மாணவன் என்னைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே தொகை, ஒரே நாள். நான் பிந்தி வந்ததைக் காட்டினேன்.