கப்பல் ஏற ஒரு காகிதம்

கோடை வந்தால் அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஃபேமிலி ரீயூனியன். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற சொந்தமெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் கூடும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட், முதுகில் குடும்பப் பெயர். முன்னெல்லாம் பாட்டி வீட்டுக் கொல்லையிலோ பூங்காவிலோ கூடிச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் பலர் இப்போது சொகுசுக் கப்பலில், அதாங்க குரூஸில், மொத்தமாக அறைகள் எடுத்துவிடுகிறார்கள். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். குழந்தை காணாமல் போனாலும் கப்பலுக்குள்தான் எங்கேயாவது இருக்கும் :-)

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குடும்பம் மட்டும்தான் கற்பனை. இதில் வரும் விதிகளும் வருஷங்களும் நிஜம்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பாட்டி. 1945 ஜூலையில் பிறந்தவர். 2025-ல் அவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்காக 31 பேர் நியூ ஆர்லியன்ஸில் கப்பல் ஏறி, மெக்சிகோவின் கொசுமெல் தீவைப் பார்த்துவிட்டு, திரும்பவும் நியூ ஆர்லியன்ஸிலேயே இறங்குவதாக ஏற்பாடு. ஒரு பேத்தி ஜனவரியிலேயே முன்பணம் கட்டிவிட்டாள். எல்லாருக்கும் ஃபோன் போட்டு "பேப்பர் எல்லாம் கையில இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றார்கள். பாட்டியும் "இருக்கும்மா" என்றார்.

இல்லை.

பாட்டி பொய் சொல்லவில்லை. மாநிலம் கொடுத்த அடையாள அட்டை பர்ஸில் இருந்தது, மெடிகேர் அட்டை இருந்தது, சமூகப் பாதுகாப்பு எண் இருந்தது. எண்பது வருஷம் வாழ்ந்ததற்கு இவ்வளவு போதாதா என்றுதான் நினைத்தார்.

சில வருஷங்களுக்கு முன்னால் என்றால் ஓரளவு போதும்தான். அமெரிக்கர்கள் பாஸ்போர்ட் இல்லாமலே கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. தரை எல்லையில் வண்டிக் கண்ணாடியை இறக்கி "அமெரிக்கக் குடிமகன்" என்று வாயால் சொன்னால் பல சமயம் அதுவே போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2004-ல் வந்த ஒரு சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 2007 ஜனவரி 23 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். வாய்மொழி வாக்குமூலம் 2008 ஜனவரி 31-ஓடு போயிற்று. தரை வழிக்கும் கடல் வழிக்கும் 2009 ஜூன் 1-ல் விதி வந்தது.

2007 கோடையில் நடந்த கூத்தை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய நிதியாண்டில் ஏறக்குறைய 1.2 கோடி பாஸ்போர்ட் கொடுத்த துறை, அந்த ஆண்டில் 1.8 கோடிக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. ஆறு வாரத்தில் வர வேண்டியது பத்து, பன்னிரண்டு வாரம் இழுத்தது. தேனிலவுக்கு டிக்கெட் வாங்கிய ஜோடிகள் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஜூன் மாதம் அரசாங்கமே இறங்கிவந்து, விண்ணப்பித்ததற்கு அத்தாட்சி காட்டினால் செப்டம்பர் வரைக்கும் பறக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2023-லும் இதே கதைதான், சாதாரண விண்ணப்பத்துக்குப் பத்து முதல் பதின்மூன்று வாரம் என்றார்கள். பிறகு படிப்படியாகக் குறைந்து 2024 கடைசியில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு வந்தது. தபாலில் போய்வரும் நாள் இதில் சேராது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே குரூஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. ஏறிய அமெரிக்கத் துறைமுகத்திலேயே திரும்பி வந்து இறங்கும் பயணம் என்றால், அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். பிறப்புச் சான்றிதழும் அரசாங்கம் கொடுத்த படம் போட்ட அடையாள அட்டையும் போதும். கேட்க நல்ல சலுகை. ஆனால் எல்லாரையும் மெத்தனமாக வைத்திருப்பதும் இதுதான். பாஸ்போர்ட் என்றால் மூன்று மாதம் முன்னாலேயே ஓடியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் என்றால், அது பரண் மேல பெட்டியில இருக்கும்ப்பா, அவ்வளவுதான்.

பரணிலிருந்து எடுத்தால்தான் தெரியும். சிலர் வீட்டில் இருப்பது குழந்தையின் பிஞ்சுக் காலடி மை வைத்துப் பதித்து ஆஸ்பத்திரி கொடுத்த அழகான காகிதம். அது நினைவுப் பொருள், சான்றிதழ் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களுக்கு வேறு தலைவலி, 2010 ஜூலைக்கு முன்னால் அந்தத் தீவு கொடுத்த சான்றிதழ்கள் மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பெயர் மாற்றிக்கொண்ட பெண்கள் கல்யாணச் சான்றிதழையும் கூடவே கொண்டுபோக வேண்டும். இரண்டு கல்யாணம் என்றால் இரண்டு சான்றிதழ், நடுவில் ஒரு விவாகரத்து உத்தரவு. ஆண்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது, பிறந்த பெயரிலேயே கப்பல் ஏறிவிடுவார்கள்.

இந்தச் சலுகையில் கப்பல் ஏறிய பிறகும் ஒரு வம்பு இருக்கிறது. கொசுமெலில் கடை கடையாகச் சுற்றிக் கப்பலைத் தவறவிட்டாலோ, நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, அங்கிருந்து விமானத்தில் வீடு திரும்பப் பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுபடாது. 2008-ல் அறிமுகமான பாஸ்போர்ட் அட்டை இருக்கிறதே, முப்பது டாலரில் கிடைக்கும் சின்ன அட்டை, அதுவும் தரைக்கும் கடலுக்கும் மட்டும்தான். ஆகாயத்துக்குச் செல்லாது. எண்பது வயதுக்காரரை அழைத்துப் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பாட்டி விஷயத்தில் இந்த யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பேத்தி சான்றிதழைக் கேட்டாள். பாட்டி பெட்டியைக் குடைந்தார், பிறகு பேச்சை மாற்றினார். நாலாவது தடவை கேட்டபோதுதான் "அப்படி ஒண்ணு எனக்குக் கிடையாதும்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

மிசிசிப்பியில் பிறப்புப் பதிவு 1912-லேயே தொடங்கியாகிவிட்டது. ஆனால் 1945-ல் அங்கே கிராமத்துக் கறுப்பினப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தது பெரும்பாலும் மருத்துவச்சிகள்தான். ஆஸ்பத்திரி தூரம். பக்கத்தில் இருந்தாலும் நிறவெறிச் சட்டங்களின் காலம், உள்ளே விடுவார்களா என்பதே சந்தேகம். மருத்துவச்சி நடந்தோ வண்டியிலோ வருவார், பிள்ளையை எடுத்துக் கொடுப்பார், பிறகு படிவத்தை நிரப்பி மாவட்ட சுகாதார அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பல மருத்துவச்சிகள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். சில படிவங்கள் போய்ச் சேரவில்லை. சேர்ந்தவற்றிலும் பெயர் இடத்தில் வெறும் "பெண் குழந்தை" என்று இருக்கும், அம்மா பெயர் தப்பும் தவறுமாக இருக்கும். வாக்குச் சாவடியில் படம் போட்ட அட்டை கேட்கும் சட்டங்கள் மாநிலங்களில் வந்தபோது, தெற்கே வீட்டில் பிறந்த முதியவர்களின் இந்தக் கதை நீதிமன்றம் வரைக்கும் போனது. டெக்சஸ் எல்லைப் பக்கம் இதன் மறுபக்கம் நடந்தது. அங்கே மருத்துவச்சி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கையில் இருந்தும் நம்ப மாட்டேன் என்று பாஸ்போர்ட்டை நிறுத்திவைத்தார்கள். 2008-ல் வழக்குப் போட்டு, 2009-ல் சமரசம் ஆனது.

ஆக, சுலபமான காகிதம் பாட்டிக்கு இல்லை. கஷ்டமான காகிதமான பாஸ்போர்ட்டைத்தான் வாங்க வேண்டும். விசித்திரம் என்னவென்றால், பிறப்புச் சான்றிதழே இல்லாதவருக்கும் பாஸ்போர்ட் வாங்க வழி இருக்கிறது.

முதலில் மாநிலத்துக்கு எழுதிப் போட்டு, "இந்தப் பெயரில், இந்தத் தேதியில் பிறந்தவரின் பதிவை இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை தேடினோம், இல்லை" என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். இல்லை என்பதற்கும் முத்திரை வேண்டும்! அதோடு, பிறந்த முதல் சில வருஷங்களுக்குள் உண்டான வேறு ஆவணங்களைத் தேட வேண்டும். ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு, குடும்ப பைபிள், மக்கள்தொகைக் கணக்கு, இப்படி. ஐந்து வயதுக்குள் உண்டானதாக இருந்தால் உத்தமம்.

இதில்தான் சிக்கல். பாட்டியின் குடும்பம் பாப்டிஸ்ட். அந்தச் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, விவரம் தெரிந்த பிறகுதான். பாட்டிக்குப் பன்னிரண்டு வயதில் குளத்தில் முக்கி எடுத்தார்கள். பள்ளிக்கூடமோ ஆறு வயதுக்கு மேல். அது தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1930-களின் தொடக்கம் வரைக்கும் சுமார் 5,000 கட்டிய ரோசன்வால்டு பள்ளிகளில் ஒன்று. பள்ளி மூடியது தெரியும், வருகைப் பதிவேடு எங்கே போனது என்று ஊரில் சொல்ல ஆளில்லை.

குடும்ப பைபிள் இருந்தது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதக் கோடு போட்ட பக்கங்கள் இருக்குமே, அதில் பாட்டியின் தேதி இருந்தது. ஆனால் எழுதியிருந்தது செல்லப் பெயர். மாநிலத்தின் கடிதம் வேறு இன்னும் வந்தபாடில்லை. கப்பலுக்கு ஐந்து வாரம்.

கை கொடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. அமெரிக்காவில் தனிநபர் விவரங்களை 72 வருஷம் பூட்டி வைத்திருந்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். 1950 கணக்கு 2022 ஏப்ரல் 1-ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் என்றால் தனியாகப் படிவம் போட்டு வாங்க வேண்டும். இப்போது யாரும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். பேத்தி இரண்டு ராத்திரி உட்கார்ந்து, கணக்கெடுப்பாளரின் அவசரக் கையெழுத்தில் பக்கம் பக்கமாகத் தேடினாள். கிடைத்தது. குடும்பத் தலைவர் கொள்ளுத் தாத்தா. கீழே மகள், வயது 4, பிறந்த மாநிலம் மிசிசிப்பி. அதற்கு நேர் மேலே இன்னொரு மகள், வயது 10.

அந்தப் பத்து வயதுப் பெண் பாட்டியின் அக்கா. இப்போது எண்பத்தாறு. பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். கடைசியாகத் தேவைப்பட்டதும் அவர்தான். டிஎஸ்-10 என்று ஒரு படிவம், பிறப்புக்குச் சாட்சி சொல்வது. பிறந்ததை நேரில் அறிந்த ஒருவர், வயதில் மூத்த ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு அன்றைக்கு ஆறு வயது. மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியதே அவர்தான். பருத்திக் காட்டைச் சுற்றிப் போகாமல் குறுக்கே ஓடியதையும், காலில் முள் தைத்ததையும், திரும்பி வந்ததும் வாசலில் உட்காரவைத்துவிட்டதையும் சொல்லிக்கொண்டே போனார். படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. பேத்தி நாலு வரியில் அடக்கினாள்.

மாநிலத்தின் கடிதம் பதினெட்டு நாள் இருக்கும்போது வந்தது. பயணத்துக்குப் பதினான்கு நாளுக்குள் என்றால் பாஸ்போர்ட் ஏஜென்சிக்கு நேரில் போகலாம், ஆனால் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். கப்பல் டிக்கெட்டே பயணத்துக்கு அத்தாட்சி. நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஏஜென்சி இருக்கிறது. புத்தகத்துக்கு 130 டாலர், விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள 35, அவசரத்துக்கு 60, இது 2025 நிலவரம். விடியற்காலையில் நாலைந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனார்கள். பைபிளைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார் பாட்டி. அதிகாரி எல்லாவற்றையும் புரட்டினார், உள்ளே போய்வந்தார், வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

துறைமுகத்தில் வரிசை முக்கால் மணி நேரம். பாட்டியின் பாஸ்போர்ட்டை அந்தப் பெண் பார்த்தது ரெண்டே செகண்ட்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பேத்தி பெரிய பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த வருஷம் நீங்களும் வாங்க, 1940 கணக்கில் கைக்குழந்தையாக உங்க பேரும் இருக்கு, நான் பார்த்தேன் என்றாள். பெரிய பாட்டி சிரித்தார்.

"பேர் இருக்கட்டும். நான் பிறந்ததைப் பார்த்தவங்க யாரு இருக்கா, கையெழுத்துப் போட?"