பையன் தேறுவானா?

ஃபெடரிகோ மகேடாவை ஞாபகம் இருக்கா மக்களே? இல்லைன்னா ஒண்ணும் தப்பில்லை, நிறைய பேருக்கு இருக்காது.

2009 ஏப்ரல் 5, ஞாயித்துக்கிழமை. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல்கிட்டயும் ஃபுல்ஹாம்கிட்டயும் வரிசையா உதை வாங்கிட்டு, ஆஸ்டன் வில்லாகிட்டயும் 2-1னு பின்தங்கி நிக்குது. ரொனால்டோ சமன் பண்றான். இஞ்சுரி டைம் 93வது நிமிஷம். 17 வயசு இத்தாலிக்காரப் பையன், முதல் டீமுக்கு அதுதான் முதல் மேட்ச், பந்தைக் காலால தட்டித் திரும்பி வளைச்சு ஒரு அடி. கோல். அடுத்த வாரம் சண்டர்லேண்டோட இன்னொரு கோல், அதுவும் மேட்ச் ஜெயிச்ச கோல். அந்த சீசன் கோப்பையும் யுனைடெட்டுக்குத்தான். அப்போ நான் ஸ்கூல் பையன். எங்க தெருவுல ஃபுட்பால் பாக்குற நாலு பேரும் சேந்து அடுத்த பத்து வருஷத்துக்கு ஸ்ட்ரைக்கர் பிரச்சனை தீந்துச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டோம்.

2014ல கிளப்பை விட்டுப் போனப்போ அவன் கணக்கு மொத்தம் 36 மேட்ச், 5 கோல். அவ்ளோதான்.

இப்போ இன்னொரு சீன். 2016 பிப்ரவரி 25, யூரோப்பா லீக், மிட்யில்லாண்ட் டீமோட மேட்ச். மார்க்கஸ் ராஷ்ஃபோர்டுக்கு 18 வயசு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. அவன் ஓல்ட் டிராஃபோர்ட்ல இறங்கினப்போ நான் ஹாஸ்டல்ல அரியர் பேப்பருக்குப் படிச்சிட்டிருந்தேன், ஹி ஹி. ரெண்டு கோல். மூணு நாள் கழிச்சு ஆர்சனலோட லீக் மேட்ச், அதுலயும் ரெண்டு கோல். 2025ல லோன்ல வெளிய போறதுக்குள்ள யுனைடெட்டுக்கு 138 கோல் அடிச்சிருந்தான்.

ரெண்டு பேரோட முதல் வாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, எவன் தேறுவான், எவன் தேற மாட்டான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கவுட்டாலயும் முடியாது, டிவில கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்க பழைய பிளேயராலயும் முடியாது. நம்மள மாதிரி சோபா கோச்சுங்களைப் பத்தி கேக்கவே வேண்டாம்.

ஆனா இந்தக் கதைல மூணாவதா ஒருத்தன் இருக்கான். எனக்கு முக்கியமான ஆள் அவன்தான்.

மிட்யில்லாண்ட் மேட்ச்ல ராஷ்ஃபோர்ட் பேரு ஆடுற பதினொண்ணுலயே இல்லை. வார்ம்-அப்ல மார்சியாலுக்கு அடிபட்டதால இறக்கினாங்க. ரூனி ஏற்கனவே காயத்துல வெளிய. அதுக்கு மூணு நாள் முன்னாடி, ஷ்ரூஸ்பரியோட எஃப்.ஏ. கோப்பை மேட்ச்ல வில் கீன்னு ஒரு ஸ்ட்ரைக்கரை சப்ஸ்டிட்யூட்டா இறக்குனாங்க. 23 வயசு, அகாடமில வளந்தவன், பல வருஷமா இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தவன். இறங்கி கொஞ்ச நேரத்துலயே அடிபட்டு வெளிய போயிட்டான். அவன் நல்லா இருந்திருந்தா வியாழக்கிழமை இறங்கியிருக்கப் போறது அவனா, ராஷ்ஃபோர்டா? எனக்கென்னவோ கீன்தான்னு தோணுது.

அந்த கீன் லேசுப்பட்ட ஆளும் இல்லை. 2011 எஃப்.ஏ. யூத் கோப்பை ஃபைனல்ல ஷெஃபீல்ட் யுனைடெட்டை 4-1னு அடிச்ச ரெண்டாவது லெக்ல ரெண்டு கோல் அவனோடது. அடுத்த வருஷமே முட்டியில லிகமென்ட் போச்சு. 2016ல யுனைடெட்டை விட்டு ஹல் டீமுக்குப் போனான், அங்க மறுபடியும் முட்டி. இதுக்கப்புறமும் விடாம ஆடி 2021-22ல விகன் டீமுக்காக லீக் ஒன்ல 26 கோல் அடிச்சான், அயர்லாந்துக்கும் ஆடினான். இவனைத் தேறினவன்னு சொல்றதா, தேறாதவன்னு சொல்றதா?

அந்த 2011 பசங்க செட்டை எடுத்துக்கங்க. கீன் இல்லாத இன்னொரு ரெண்டு கோலை அடிச்சவன் ரேவல் மோரிசன். அந்த செட்டுலயே பிறவித் திறமை அவனுக்குத்தான்னு பாத்தவங்க அத்தனை பேரும் சொன்னாங்க, ஃபெர்குசன் உட்பட. யுனைடெட்டுக்கு லீக்ல ஒரு நிமிஷம்கூட ஆடாம 2012 ஜனவரில வெஸ்ட் ஹாமுக்குப் போயிட்டான். போக்பாவை அதே வருஷம் யுவென்டஸ் கூட்டிட்டுப் போச்சு. 2016ல 8.9 கோடி பவுண்டு குடுத்து, அப்போதைய உலக ரெக்கார்டு, அதே பையனைத் திருப்பி வாங்கினாங்க. பழைய வீட்டை வித்துட்டு அதையே நூறு மடங்கு விலைக்கு வாங்குற மாதிரி. லிங்கார்டு ரொம்பச் சின்ன உருவம், 22 வயசுக்கு மேலதான் தயாராவேன்னு ஃபெர்குசன் சொல்லி வச்சிருந்தார். 2016 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்ச கோல் அவனோடது, வயசு 23. வில் கீனோட இரட்டைச் சகோதரன் மைக்கேல் கீனும் அந்த செட்டுதான், அவன் வெளிய போய் இங்கிலாந்துக்கே ஆடினான். இன்னும் கூத்து, அந்த ஃபைனல்ல தோத்த டீமோட டிஃபென்டர் யாருன்னு நினைக்கிறீங்க? ஹாரி மகுவையர்!

ஒரே மைதானம், ஒரே ராத்திரி. 2011ல உங்களை உக்கார வச்சு மார்க் போடச் சொல்லியிருந்தா முதல் ரேங்க் மோரிசனுக்குத்தான் குடுத்திருப்பீங்க. நானும்தான்.

சின்ன வயசுல மார்க் போடுறதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு, பிறந்த மாசம். இங்கிலாந்துல வயசுக் கணக்கு செப்டம்பர் 1ல தொடங்குது. செப்டம்பர்ல பொறந்தவனும் அடுத்த ஆகஸ்ட்ல பொறந்தவனும் ஒரே செட். ஒன்பது வயசுல ஒரு வருஷ வித்தியாசம்னா ஒருத்தன் இன்னொருத்தன் தோள் உயரம்தான் இருப்பான். பெரிய பையன் ஓடுவான், இடிப்பான், கோச் கண்ணுல படுவான். அகாடமிங்கள்ல சீசனோட முதல் மாசங்கள்ல பொறந்தவங்க அதிகமா இருக்காங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க பல நாட்டுல பாத்துட்டாங்க. ஹாரி கேன் ஜூலை 28. எட்டொன்பது வயசுல ஆர்சனல் ஒரே சீசன்ல அனுப்பிடுச்சு. குண்டா இருந்தான், விளையாட்டுக்காரன் மாதிரி தெரியலைன்னு அகாடமி பொறுப்புல இருந்த லியம் பிரேடியே பின்னாடி சொன்னார். அப்புறம் டாட்டன்ஹாம்ல வளந்து நாலு டீமுக்கு லோன்ல சுத்தினான். 2013ல லெஸ்டர் பெஞ்சுல அவனும் ஜேமி வார்டியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்க போட்டோ ஒண்ணு உண்டு, தேடிப் பாருங்க. ஒருத்தன் டாட்டன்ஹாமுக்கு 280 கோல், இன்னொருத்தன் 2016 லீக் சாம்பியன்.

பெஞ்சுன்னதும் நம்ம பொழப்பு ஞாபகம் வருது. வேலைக்குச் சேந்தப்போ எங்க பேட்ச்ல ரெண்டு பேர், ரெண்டு பேரும் கோடிங்ல புலி. ஒரு புராஜெக்ட்ல யாரோ திடீர்னு பேப்பர் போட்டதால ஒருத்தனை உள்ள தள்ளுனாங்க. இன்னொருத்தனுக்கு எட்டு மாசம் பெஞ்ச், அப்புறம் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சப்போர்ட் வேலை, அப்புறம் ஊருக்கே போயிட்டான். அப்ரைசல் ஷீட்ல முதல் ஆளுக்கு "திறமைசாலி"ன்னு இருக்கும். யாரோ பேப்பர் போட்டதைப் பத்தி அதுல ஒரு வரிகூட இருக்காது. இந்த வருஷம் ரெண்டு இன்டர்ன் பசங்களுக்கு அந்த ஷீட்டை நான் நிரப்பணும். ஆறு வாரம் பாத்துட்டு. ரெண்டு நாளா திறந்து திறந்து மூடிட்டு இருக்கேன்.

அப்போ எதையுமே கணிக்க முடியாதான்னா, அப்படியும் இல்லை. அயாக்ஸ் அகாடமில நாலு விஷயம் பாப்பாங்களாம்: டெக்னிக், ஆட்டத்தைப் படிக்கிற புத்தி, குணம், வேகம். வேகமும் டெக்னிக்கும் யூட்யூப் வீடியோவுலயே தெரிஞ்சிடும். அதனாலதான் அதை வச்சு எல்லாரும் ஏமாறுறாங்க. புத்தியைப் பாக்கணும்னா பந்து வராத நேரத்துல பையனைப் பாக்கணும். பந்து கால்ல வந்து சேர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை கழுத்தைத் திருப்பிப் பாக்குறான்? நார்வேல கெய்ர் யோர்டெட்னு ஒருத்தர் இதையே பல வருஷமா எண்ணிட்டு இருக்கார். நிறைய திரும்பிப் பாக்குறவன் பாஸ் ஒழுங்காப் போகுதுங்கறது அவர் கண்டது. டிவில கேமரா பந்து பின்னாடியே ஓடுறதால நமக்கு இது தெரியாது. நேர்ல போறவங்களுக்குத்தான் குடுத்து வச்சிருக்கு.

குணம்தான் இன்னும் கஷ்டம். போயான் 17 வயசுல பார்சிலோனாவுக்கு கோல் அடிச்சு அடுத்த மெஸ்ஸின்னு பேர் வாங்கினான். ஸ்பெயினுக்கு முதல் மேட்ச் ஆட வேண்டிய நாள்ல ஆடலை. வயித்துக் கோளாறுன்னு வெளிய சொன்னாங்க. அது பதட்ட நோய்னு 2018ல அவரே பேட்டில சொன்னார். 2008 யூரோவுக்கும் அதனாலதான் போகலை, ஜனங்க பாட்டுக்கு நாட்டுக்கு ஆட மாட்டேன்னு சொல்லிட்டான்னு பேசினாங்க. 17 வயசுப் பையன் உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எந்த ஸ்கவுட் ரிப்போர்ட்ல எழுதுவீங்க?

பெரிய கிளப்புல பொறுமைங்கற சரக்கு கிடையாது. செல்சில டி புருய்னும் சாலாவும் இருந்தாங்கன்னு இப்போ சொன்னா சிரிப்பாங்க, ரெண்டு பேரையும் விட்டுட்டாங்க. ஓடகார்டு 16 வயசுல 2015ல ரியல் மாட்ரிட் போய் அப்புறம் ஊர் ஊரா லோன்ல அலைஞ்சான். 2022ல ஆர்சனல் கேப்டன். இவங்களுக்குக் காலு மாறலை, தொடர்ந்து இருபது மேட்ச் ஆட விட்ட இடம் கிடைச்சுது. மகேடாவுக்கு முன்னாடி ரூனி, பெர்பட்டோவ், அடுத்து ஓவன், அடுத்து ஹெர்னாண்டஸ்னு வரிசையா வந்துட்டே இருந்தாங்க. அவனுக்கு மட்டும் அந்த இருபது கிடைக்கவே இல்லை.

நேத்து ரூம்மேட் ஒரு வீடியோவைக் காட்டி, "மச்சி, இந்தப் பையன் தேறுவானாடா?"ன்னான். 18 வயசு, வலது பக்கம் பறக்குறான், சூப்பராத்தான் இருக்கு. அவனுக்கு முன்னாடி வரிசைல நிக்கிற ரெண்டு பேருக்கு என்ன வயசு, கான்ட்ராக்ட் எப்போ முடியுது, கோச்சுக்கு இன்னும் எத்தனை மாசம் உசுரு இருக்குன்னு பாத்துட்டு வா, அப்புறம் பேசலாம்னேன். போனவன் இன்னும் வரலை :-)