ஒத்தைக் கை தட்டச்சு

ஆபிஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. இந்தப் பதிவுல பாதி பொட்டி தட்டற சமாச்சாரம், பாதி வீட்டு சமாச்சாரம். முதல் பாதியில கொட்டாவி வந்தா நேரா ரெண்டாவது பாதிக்குத் தாவிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

நம்ம கீபோர்டுல எந்த விசையை அமுக்கினா எந்த எழுத்து வரணும்ங்கிறதை உள்ள இருக்கிற ஒரு குட்டிச் சில்லுதான் முடிவு பண்ணுது. சாதாரண கீபோர்டுல அதை நாம தொட முடியாது. சில கீபோர்டுகள்ல தொடலாம். கியூஎம்கேன்னு ஒரு திறமூல மென்பொருள் இருக்கு. ஜாக் ஹம்பர்ட்டுங்கிறவர், ஜப்பான்காரர் ஜுன் வாக்கோ எழுதின டிஎம்கேயை அடிப்படையா வச்சு ஆரம்பிச்சது. நம்ம இஷ்டப்படி விசைகளை மாத்தி எழுதி, கம்பைல் பண்ணி, கீபோர்டுக்குள்ளயே ஏத்திடலாம். கேப்ஸ் லாக்கைத் தூக்கிட்டு அங்க கன்ட்ரோல் வைக்கலாம். ஒரே விசையைத் தட்டினா ஒண்ணு, அமுக்கிப் பிடிச்சா வேற ஒண்ணுன்னு வைக்கலாம். ஒரு விசைக்குள்ள ஒரு முழு வாக்கியத்தையே ஒளிச்சு வைக்கலாம், அதுக்குப் பேர்தான் மேக்ரோ.

நான் வச்சிருக்கறது பிளாங்க்னு ஒரு பொடிசு. நாலு வரிசை, பன்னெண்டு பத்தி, சதுரங்கக் கட்டம் மாதிரி நேர் நேரா விசைகள். எண்களுக்குத் தனி வரிசையே கிடையாது. முதல் தடவை பாத்துட்டு அம்மா, "பாதியை எங்கடா ஒடைச்ச?"ன்னு கேட்டாங்க. விலையை மட்டும் இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட சொல்லலை.

இப்ப வீட்டு சமாச்சாரம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல மதுரையில ஒரு வக்கீல் ஆபிஸ்ல டைப்பிஸ்ட். இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் ரெண்டும் பாஸ். ரிட்டயர் ஆன பிறகும் தெருவுல யாருக்கு மனு வேணும்னாலும் நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. பட்டா மாறுதல், ஈபி கனெக்‌ஷன், ரேஷன் கார்டுல பேர் திருத்தம்னு எதுவா இருந்தாலும் கேட்டுக்கிட்டே அடிப்பாரு. காசு வாங்க மாட்டாரு. காபி குடிச்சிட்டுப் போகச் சொல்வாரு.

போன வருஷம் அவருக்கு பக்கவாதம் வந்துச்சு. வலது பக்கம். கால் ஓரளவு திரும்பிடுச்சு, கம்பு ஊனி நடக்கறாரு. கை திரும்பலை. பேச்சும் கொஞ்சம் குழறல். வீட்டுக்கு மனு எழுத வந்தவங்க அப்பாவைப் பாத்துட்டு, நலம் விசாரிச்சிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிப் போக ஆரம்பிச்சாங்க. அதைத்தான் அவரால தாங்க முடியலை. பிசியோதெரபிக்குக் கூப்பிட்டா, "சரியாகி என்ன பண்ணப்போறேன்?"னு ஒரே பதில்.

'குரல்ல சொன்னா போன் எழுதிக்குமே'ன்னு நீங்க நினைக்கலாம். குழறல் பேச்சு அந்தப் போனுக்குப் புரியலை. அவர் "மனு"ன்னா அது "மணி"ங்குது. சரி, போன்ல ஒரு விரலால தட்டலாமேன்னேன். "அது டைப்பிங்காடா?"ன்னு ஒரு பார்வை பாத்தாரு. வாயை மூடிக்கிட்டேன்.

ஒத்தைக் கையால தட்டறதுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கு. கனடாவைச் சேர்ந்த எட்கர் மத்தியாஸும் கூட ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் 1993ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பேரு அரை-குவெர்ட்டி. கீபோர்டுல பாதியை மட்டும் பயன்படுத்தணும். ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடிச்சா மறு பாதி கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி இந்தப் பாதிக்கு வந்துடும். வலது ஆள்காட்டி விரல் வேலையை இடது ஆள்காட்டி விரல் செய்யும், சுண்டுவிரல் வேலையை சுண்டுவிரல் செய்யும். ரெண்டு கையால தட்டிப் பழகினவங்களுக்கு இது சீக்கிரம் வந்துடும், ஏன்னா விரலுக்கு ஏற்கெனவே வேலை தெரியும். கியூஎம்கேல இதுக்குக் கை மாத்தறதுன்னே ஒரு வசதி இருக்கு. பிளாங்க் நேர்க் கட்டமா இருக்கறதால கண்ணாடி பிம்பம் அச்சா பொருந்துது.

தமிழ்ல இது இன்னும் அழகா அமையுதுங்க. தமிழ்99 தெரியும்ல? 1999ல சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழக அரசு அறிவிச்ச விசைப்பலகை. அதுல உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இங்கிலீஷ்ல எந்த எழுத்துக்குப் பக்கம் மாறணும்னு யோசிச்சுக்கிட்டே இருக்கணும். இங்க ஒரே விதிதான்: உயிர்னா கட்டைவிரலை எடு, மெய்னா அமுக்கு. வ-வும் ங-வும் மட்டும் இடது பக்கம் இருக்கு, அதை மட்டும் மனப்பாடம் பண்ணணும்.

ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினேன். தமிழ்99ல ச வர்ற விசையே பிளாங்க்ல கிடையாது, அதனால மேல வலது மூலைக்கு ச-வைக் கொண்டுபோனேன். தட்டறதுக்கும் அமுக்கறதுக்கும் நடுவுல உள்ள நேர எல்லை வழக்கமா 200 மில்லிசெகண்ட். அப்பா விரல் மெதுவாத்தான் எழும்புதுன்னு அதை 350 ஆக்கினேன்.

அப்பா ஒரு வாரம் சத்தமே இல்லாம தட்டிப் பாத்தாரு. தமிழ் டைப்ரைட்டர்ல கொம்பை முதல்ல அடிச்சிட்டுத்தான் க அடிக்கணும். தமிழ்99ல க அடிச்சிட்டு எ. முப்பது வருஷப் பழக்கம் சும்மா போயிடுமா? 'கெ' வரவேண்டிய இடத்துல எல்லாம் தனியா ஒரு 'எ' வந்து நின்னுச்சு. எனக்கே பாக்கக் கஷ்டமா இருந்துச்சு. அவர் அசரலை.

எட்டாவது நாள் கூப்பிட்டாரு. "டேய், 'விண்ணப்பம்' அடிச்சுப் பாரு. எட்டு அடி. அதுல அஞ்சு அந்தப் பக்கத்து எழுத்து. அஞ்சுக்கும் கட்டைவிரலை அமுக்கியே வச்சிருக்கணும், வலிக்குது. தமிழ்ல மெய்தானடா ஜாஸ்தி? அதை சும்மா தட்டினாலே வர்ற மாதிரி வை. உயிருக்கு அமுக்கிக்கிறேன்."

எண்ணிப் பாத்தேன். வ, இ, ண, ண, ப, ப, ம, புள்ளி. மனுஷன் சொன்னது அப்படியே சரி. அகரம் மெய்யோடயே வந்துடுறதால தனியா அடிக்க வேண்டியதில்லை, ஒற்று இரட்டிச்சா புள்ளியை மென்பொருளே போட்டுக்கும். ஆக மெய்தான் ஜாஸ்தி. இன்ஜினியரிங் படிச்ச எனக்குத் தோணலை, டைப்பிஸ்டுக்குத் தோணிச்சு. கைமாற்றத்தை நிரந்தரமா போட்டு, உயிரை ஸ்பேஸுக்குப் பின்னாடி தள்ளினேன்.

அப்புறம் மேக்ரோ. கீழ்வரிசையில நாலு விசை: அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு. கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது, அது ஏ, ஐ, டி, ஜே, ஜே, டி, அரைப்புள்ளி, எம், எஃப்னு அனுப்பும், கணினிதான் அதை 'அனுப்புநர்'னு மாத்தும். தமிழ்99 போடாம இருந்தா அந்தக் கண்றாவி அப்படியே திரையில வந்து விழும். அப்பா அதைப் பாத்துட்டு, "இது எந்த ஊர் கலெக்டருக்கு?"ன்னாரு. நோய் வந்த பிறகு அவர் அடிச்ச முதல் ஜோக்.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா ஈபி மீட்டர் விஷயமா வந்தாங்க. வழக்கம்போல விசாரிச்சிட்டுக் கிளம்பப் பாத்தாங்க. அப்பா இடது கையால நாற்காலியைக் காட்டினாரு. ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அக்கா ரெண்டு காபி குடிச்சாங்க. நடுவுல நான் உதவிக்குப் போனேன், அம்மா கண்ணாலயே என்னைத் தடுத்துட்டாங்க.

இப்ப வாரத்துக்கு ரெண்டு மூணு மனு. பிசியோதெரபிக்கும் போறாரு, ஆனா "நாலு மணிக்குள்ள முடிங்க, ஆள் வர்றாங்க"ன்னு நிபந்தனையோட. அடுத்த கோரிக்கையும் வந்தாச்சு: 'மேற்படி'க்கு ஒரு விசை வேணுமாம். வக்கீல் ஆபிஸ் பாஷையில அது இல்லாம ஒரு வரி நகராதாம்.

டிஸ்கி: பிளாங்க் இப்ப அப்பா மேஜையில. நான் பழைய லேப்டாப் கீபோர்டுலதான் இதைத் தட்டறேன். புதுசு ஒண்ணு வாங்கணும், அம்மாகிட்ட என்ன விலை சொல்லலாம்னு ஐடியா இருந்தா சொல்லுங்க.