பள்ளிகொண்ட சைக்கிள்

எங்கள் ஊரிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் உடனே வருவது சுருட்டப்பள்ளி. சிவன் படுத்திருக்கிற கோயில். ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில் பார்வதி மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். பெயரே பள்ளிகொண்டீஸ்வரர். பெருமாள் படுத்திருப்பதை எங்கேயும் பார்க்கலாம், சிவன் படுத்திருப்பதைப் பார்க்க எங்கள் பக்கம்தான் வரணும் என்று ஊத்துக்கோட்டைக்காரர்கள் பெருமையடித்துக்கொள்வோம் (கோயில் இருப்பது பக்கத்து மாநிலத்தில் என்பதை வசதியாக மறந்துவிட்டு). எங்கள் வீட்டு ஹாலில் ரிகம்பென்ட் பைக் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டு அத்தை எட்டிப்பார்த்து, "இன்னாடா இது, சுருட்டப்பள்ளி சாமி மாதிரி சைக்கிளு படுத்துக்கினு கீது?" என்றார். அதிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ஜிம்மில் வழக்கமாகப் பார்க்கிற எக்சர்சைஸ் சைக்கிளில் ஏறித்தான் உட்கார வேண்டும். சீட் ஒரு உள்ளங்கை அகலம், பெடல் காலுக்குக் கீழே. ரிகம்பென்டில் ஏறுகிற வேலையே கிடையாது. நாற்காலி போல அகலமான சீட், முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் பிடி, பெடல் முன்பக்கம். ஈசிசேரில் உட்கார்ந்து காலை நீட்டி மிதிக்கிற மாதிரி. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கீழே விழுவதற்கும் வழியில்லை. மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, வயசானவர்கள் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இப்படிச் சாய்ந்து ஓட்டுகிற சைக்கிள் ரோட்டில் ஓடிய காலத்தில் அதன்மேல் இருந்த புகார் வேறு: ரொம்ப வேகமாகப் போகிறது! 1933 ஜூலை 7ஆம் தேதி பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தயக்காரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914லிருந்து யாரும் தொடாமல் இருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை காலி. படுத்து ஓட்டினால் காற்று குறைவாகத் தடுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். 1934ல் சர்வதேச சைக்கிள் சங்கம் 'இது சைக்கிளே இல்லை' என்கிற ரீதியில் விதியை மாற்றி, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. வேகத்துக்காகத் தள்ளுபடியான அந்த உட்காருகிற விதம்தான் இன்றைக்கு முழங்கால் வலிக்காரர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது? அம்மாவுக்கு 52 வயது. பத்து வருஷமாக சுகர், நாலு வருஷமாக வலது முழங்கால். எந்த டாக்டரிடம் போனாலும் கடைசியில் ஒரே வசனம்: "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." எங்கே நடப்பது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. எங்கள் தெருவை விட்டு வெளியே வந்தால் மெயின் ரோடு. சென்னையிலிருந்து திருப்பதி போகிற வண்டி, சத்தியவேடு போகிற லாரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் ஷிப்ட் ஆள் ஏற்றிப்போகிற கம்பெனி பஸ் எல்லாம் அதில்தான். நடைபாதை என்று இருக்கிற இடத்தில் பழக்கடை இருக்கும், இல்லாவிட்டால் பைக் நிற்கும். விடியற்காலையில் போகலாம் என்றால் நாய். சாயங்காலம் என்றால் சமையல். மழைக்காலத்தில் தெருவே ஒரு குட்டி ஆரணியாறு. இதையெல்லாம் தாண்டி நடந்தாலும் பத்தாவது நிமிடம் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

மாத்திரை பிரச்சினை இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. நடையைத்தான் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

என் ஆயாவுக்கும் சுகர்தான். 2016ல் இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னும் இரண்டு விரல். ஆஸ்பத்திரியில் கூட இருந்து கட்டு மாற்றியது அம்மா. அதற்கப்புறம் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அம்மா தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

'நம்ம ஆளுங்க சோம்பேறிங்க, அதான் சுகர்' என்று டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் சொல்கிறார்கள். 2014ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு (தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 14,227 பேர்) 54.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றது. பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. ஆனால் சென்னை திருமங்கலம் ஏசியாட் காலனி கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1996ல் டாக்டர் மோகன் குழுவினர் அங்கே ஆய்வு செய்தபோது உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். சுகரைப் பற்றி விளக்கிச் சொன்ன பிறகு குடியிருப்பவர்களே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். ஏழெட்டு வருஷத்தில் அது 58.7 சதவீதம் ஆனது. ஆட்கள் அதே ஆட்கள்தான், நடக்க ஒரு இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் பூங்கா கட்ட இடமும் இல்லை, வசூல் பண்ண எனக்குத் தைரியமும் இல்லை. ஹாலில் ஆறடிக்கு மூன்றடி இருந்தது.

ஆவடியில் ஒருவர் வீடு காலி செய்வதாக ஆன்லைனில் போட்டிருந்தார். 6,500 ரூபாய். குட்டி யானையில் ஏற்றிவர 1,800. அடியில் போட ரப்பர் மேட் 700. ஆக மொத்தம் 9,000. ஏற்றுவதற்காகக் கழற்றித்தான் கொடுத்தார்கள், பூட்டுவது நம் பாடு. நட்டு போல்ட்டை உறையில் போட்டு எண் எழுதி வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். ஆலன் கீ இரண்டு, ஸ்பேனர் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் பெடல். வலது பெடலை வழக்கம்போல வலப்பக்கம் திருகி இறுக்க வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கம் திருகினால்தான் ஏறும். தெரியாமல் பலவந்தப்படுத்தினால் மரை போய்விடும், கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான். எங்கள் தெரு முனை சைக்கிள் கடை அண்ணனைக் கூப்பிட்டேன், "மிதிக்க மிதிக்க கழண்டுக்கும்பா, அதுக்குத்தான் எதிர் மரை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். விமானம் பறக்கவிட்ட அதே ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தபோது, 1900ல், கழன்றுகொள்ளாத பெடல் என்று விளம்பரம் செய்த சமாச்சாரம் இது. அண்ணனுக்கு அந்த விளம்பரம் எல்லாம் தெரியாது, விஷயம் தெரியும்.

பூட்டியதை விட எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பஞ்சாயத்து. முதலில் பின் அறையில் வைக்கலாம் என்றார் அப்பா. அங்கே வைத்தால் ஒரே வாரத்தில் துணிக்கொடி ஆகிவிடும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹால் என்று முடிவானதும் அடுத்த கேள்வி: எந்தப் பக்கம் பார்த்து? சாதாரண சைக்கிள் என்றால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். இதில் கால் நீட்டியல்லவா உட்கார வேண்டும்? கிழக்குச் சுவரில் சாமி அலமாரி. சாமிக்கு நேராகக் கால் நீட்டக் கூடாது. வடக்கே வாசல். "வர்றவன் போறவன் பார்க்கக் காலை நீட்டிக்கினு உக்காரச் சொல்றியா?" மேற்கே ஆயா, தாத்தா படம், மாலையோடு. மிச்சம் தெற்கு. தெற்கில் டிவி. டிவிக்கு முன்னால் கால் நீட்டலாம், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை :-)

சிரித்தாலும் இது சின்ன விஷயம் இல்லை. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஒரு அம்மாவை, கால் நீட்டுகிற மெஷினில் உட்காரச் சொல்கிறோம். புடவை வேறு மேலே ஏறும். முதல் மூன்று நாள் நாங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் மிதித்தார். பிறகு என் அக்காவின் பழைய சுடிதார் பேண்ட் ஒன்றை நைட்டிக்குள் போட்டுக்கொண்டார், பிரச்சினை தீர்ந்தது. எந்த கம்பெனி கையேட்டிலும் இந்த அத்தியாயம் இருக்காது.

கையேட்டில் இருப்பது சீட் தூரம். பெடல் எட்டத்தில் போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைப்பாக நீண்டுவிட்டால் இடுப்பு இழுபடும். சீட் ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் முழங்கால் மார்புக்கு வந்து, சில்லு மேல் பாரம் விழும். வலிக்காக வாங்கிய மெஷினே வலி கொடுக்கும். அம்மாவுக்கு மூன்றாவது ஓட்டை, அப்பாவுக்கு ஆறாவது. சிவப்பு டேப், பச்சை டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உள்ளே ஒரு இரும்புச் சக்கரம், பக்கத்தில் காந்தம். குமிழைத் திருகினால் காந்தம் கிட்டே வரும். சக்கரத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அது சுற்றுவதை எதிர்க்கும், மிதிப்பது கனமாகும். ஒன்றோடொன்று உரசுவதே இல்லை, அதனால் சத்தமும் இல்லை, தேய்மானமும் இல்லை. கரண்ட் வேண்டாம், திரைக்கு மட்டும் இரண்டு பென்சில் பேட்டரி. எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஃபேன் இல்லாமல் முடியாது. ரோட்டில் ஓட்டினால் எதிர்க்காற்று வரும், இங்கே சைக்கிள் நகர்வதே இல்லையே.

அந்தத் திரையில் தெரிகிற கலோரியை மட்டும் நம்பாதீர்கள். மிதிப்பவர் எடை என்ன, காந்தம் எந்த எண்ணில் இருக்கிறது என்று எங்கள் மெஷினுக்குத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று என்று மட்டும் எண்ணி ஒரு பெருக்கல் போடுகிறது. அம்மாவின் மிதியை 40 வாட் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், 20 நிமிடத்துக்கு 48 கிலோ ஜூல். உடம்பு செலவழிக்கிற சக்தியில் கால்வாசி அளவுதான் பெடலுக்கு வந்து சேரும், மிச்சம் சூடாகப் போய்விடும். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 50 கலோரி, ஒரு இட்லி. திரை சொல்வது 130. அந்த வித்தியாசத்தை நம்பி இன்னும் இரண்டு இட்லி உள்ளே தள்ளினால் மெஷின் வாங்கியதே நஷ்டக் கணக்கு.

ஒரு இட்லிக்கா இந்தப் பாடு என்றால், சுகருக்கு அது கணக்கே வேறு. தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவு இல்லாமலே ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொடை தசை உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று. அதனால் அம்மா சாப்பிட்டு அரை மணி கழித்து மிதிக்கிறார், மதியம் 15 நிமிடம், ராத்திரி சீரியலோடு 20 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரத்துக்கு 150 நிமிடம் இதில் தாராளமாக வந்துவிடுகிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சுகர் திடீரென்று இறங்கலாம். எங்கள் சீட் பக்கத்தில் கல்கண்டு டப்பா இருக்கிறது. வெறுங்காலில் மிதிக்க வேண்டாம். சுகர்காரர்களுக்குப் பாதம் உரசிப் புண்ணாவது தெரியாமலே போகும். இதையும் சொல்லிவிட வேண்டும்: உட்கார்ந்து மிதிப்பதில் எலும்பு மேல் எடை விழாது. எலும்புக்கு நடைதான் நல்லது. இந்த மெஷின் எல்லாவற்றுக்கும் மருந்து கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 9,000 ரூபாய், ஐந்து வருஷ ஆயுள், நேர்கோட்டு முறை, கடைசி மதிப்பு பூஜ்யம். வருஷத்துக்கு 300 நாள் என்றால் ஒரு நாளைக்கு ஆறு ரூபாய். டீயை விட மலிவு. இருபது நாள் மட்டும் ஓட்டி விட்டுவிட்டால் நாளுக்கு 450. செலவழித்த பணத்தைத் திரும்பிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அது மூழ்கிய செலவு என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "ஒம்போதாயிரம் கொட்டிக் கீது, மிதிக்காம விடுவேனா?" அந்தத் தப்பான பொருளாதாரம்தான் நான்கு மாதமாக மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நான் திருத்தப் போவதில்லை.

பலன்? மூன்று மாத சராசரி சுகர் 8.4லிருந்து 7.6க்கு வந்திருக்கிறது. இதே காலத்தில் ராத்திரி சோறு பாதியானது, டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார். இணைச் செலவை எப்படிப் பிரித்து எழுதுவது என்பது காஸ்ட் அக்கவுண்டிங்கிலேயே தலைவலி, இங்கே இணை லாபம். சைக்கிள் பங்கு இவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. முழங்கால் விஷயம் மட்டும் கண்ணால் பார்த்தது: மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது நடுப்படியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடிக்கிற வழக்கம் நின்றிருக்கிறது.

கலோரி பொய் என்று நான் சொன்னதிலிருந்து அம்மா அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார். (அதுவும் அரைப் பொய்தான், நான் வாயைத் திறக்கவில்லை.) பால் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில் தினமும் எழுதிக் கூட்டுகிறார். முதல் நாள் சுருட்டப்பள்ளி. அந்த வாரக் கடைசியில் நாகலாபுரம். இதுவரைக்கும் மூன்று தடவை திருப்பதி போய்த் திரும்பிவிட்டார், பஸ் செலவில்லாமல். நேற்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோது பாதி மிதியில் இருந்தார். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் போனால் புத்தூர் வந்துவிடுமாம், தட்டை அங்கேயே வைக்கச் சொன்னார்.